ஒன்பது முட்டையும் மூன்று ஈரக்கைகளும்

மருமகளின் அம்மா, எங்கள் சம்பந்தியம்மா, வீட்டுக்கு வந்தால் கையில் பழப்பை இருக்கும். அன்றைக்கு ஒரு தூக்குச்சட்டி இருந்தது. மூடியைத் திறந்தால் பஞ்சு. பஞ்சுக்குள் ஒன்பது முட்டை.

"ஒரு குலுக்கல் இல்லாம மடியிலயே வச்சுக் கொண்டு வந்தேன் அண்ணி," என்றார்.

அவருடைய கோழியை நாய் கவ்விக்கொண்டு போய்விட்டது. கழுத்தில் ஒரு இறகுகூட இல்லாத, முறைத்துப் பார்க்கிற கோழி அது. 'மேனேஜர்' என்றுதான் கூப்பிடுவார். சம்பந்தி காலமான பிறகு அந்த வீட்டில் அவருக்குப் பேச்சுத்துணை மேனேஜர் மட்டும்தான். காலையில் எழுந்தால் திட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டுமே! அது அடைக்கு உட்காரும் முன்பே நாய் வந்துவிட்டது. மேனேஜர் வம்சத்தில் மிச்சம் இந்த ஒன்பதுதான்.

நான் 'அடடா' என்று சொல்லி முடிப்பதற்குள் எங்கள் வீட்டுக்காரர் வாயைத் திறந்துவிட்டார். இவர் வானிலை அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் வெப்பமானி பார்த்துக் குறித்தவர். தெருவே இவரை 'வானிலை' என்றுதான் கூப்பிடும்.

"குஞ்சு பொரிக்க என்னம்மா வேணும்? வெப்பம், ஈரப்பதம். அந்த ரெண்டையும் கட்டி மேய்ச்சவன் நான். இருபத்தொண்ணாம் நாள் வாங்க, எண்ணி வாங்கிட்டுப் போங்க."

நான் இவர் காலை மிதித்தேன். வாக்கு வெளியே வந்த பிறகு காலை மிதித்து என்ன பிரயோஜனம்?

தெர்மாகோல் பெட்டி ஒன்று வந்தது. உள்ளே நாற்பது வாட் பல்பு, பழைய கம்ப்யூட்டரில் கழற்றிய குட்டி ஃபேன், சூடு கூடினால் பல்பைத் தானாக அணைக்கிற ஒரு கருவி, ஓரத்தில் கிண்ணம் நிறையத் தண்ணீர், ஈரப்பதம் காட்டுகிற முள் ஒன்று. சூடு முப்பத்தேழரை டிகிரி, ஈரப்பதம் ஐம்பது. பதினெட்டு நாளைக்கு அந்தக் கணக்கு. கடைசி மூன்று நாள் மட்டும் ஈரம் எழுபதுக்கு ஏற வேண்டும், மூடியைத் தொடவே கூடாது. முட்டையின் ஒரு பக்கம் பென்சிலால் வட்டம், மறுபக்கம் பெருக்கல் குறி போட்டு, தினம் ஐந்து தடவை புரட்ட வேண்டும். பெட்டி எங்கள் படுக்கையறையில், என் தலைமாட்டில். ஜன்னல் திறக்கக் கூடாது, மின்விசிறி போடக் கூடாது. முட்டை பொரியுமோ பொரியாதோ, நான் பொரிந்துவிடுவேன் போலிருந்தது.

இப்போது எங்கள் வீட்டு வியாதியைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் யாரும் யாரையும் நேரில் குறை சொல்ல மாட்டோம். பின்னால் போய்ச் சரிசெய்துவிட்டு வருவோம். அடுப்பில் கொதிப்பதில் உப்பு குறைவென்று மருமகள் ஒரு சிட்டிகை போடுவாள், அவளுக்குத் தெரியாமல் நான் ஒரு சிட்டிகை போடுவேன், எங்கள் இருவருக்கும் தெரியாமல் இவர் போடுவார். அப்புறம் மூன்று பேரும் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்போம். கப்பலில் வேலை பார்க்கிற மகன் தப்பித்தான்.

இவருக்கு அலுவலகப் பழக்கம் போகவில்லை. அங்கே வெப்பமானியை மரக்கூண்டுக்குள் வைத்திருப்பார்கள். கதவைத் திறந்து, கண்ணுக்கு நேரே பார்த்துத்தான் குறிக்க வேண்டும். இங்கே மூடியில் கண்ணாடி பதித்திருக்கிறது, வெளியிலிருந்தே முள் தெரியும். ஆனாலும் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் மூடியைத் தூக்குவார், மூக்கை உள்ளே விடுவார், நோட்டில் எழுதுவார். அந்த நேரத்தில் உள்ளே இருக்கிற ஈரமெல்லாம் இவர் முகத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். முள் சரசரவென்று இறங்கும். "ஈரம் முப்பத்தெட்டு! காஞ்சு போச்சு!" என்று ஒரு நாள் இன்னொரு கிண்ணம் தண்ணீர் வைத்தார்.

அந்த முப்பத்தெட்டை நானும் பார்த்தேன். மனுஷனிடம் சொன்னால் முப்பத்திரண்டு வருஷக் கதை ஆரம்பிக்கும். எதற்கு? ஒரு துணியை நனைத்து முட்டைத் தட்டுக்கு அடியில் சொருகிவிட்டுப் போய்ப் படுத்தேன்.

மருமகளும் பார்த்திருக்கிறாள். அவள் ஆஸ்பத்திரியில் குறைமாசக் குழந்தைகள் வார்டில் நர்ஸ். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் நல்ல ஈரமாக வைப்பார்களாம். மாமனாரிடம் எப்படிச் சொல்வது? பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சை நனைத்து ஃபேனுக்குப் பின்னால் வைத்துவிட்டு டியூட்டிக்குப் போய்விட்டாள்.

பத்தாம் நாள் இவர் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"எழுபத்தாறு! என் கிண்ணத்துக்கு இவ்வளவு ஏறாது, தானா ஏறியிருக்கு! காத்துல ஈரம் கூடுது. நாளைக்கு மழை கொட்டப் போகுது பாரு!"

சொன்னதோடு விட்டாரா? மாடியிலிருந்து தெருவுக்கே அறிவித்தார். எதிர்வீட்டில் கொடியில் கிடந்த போர்வைகள் உள்ளே போயின. பெயின்டர் சுவருக்கு அடித்துக்கொண்டிருந்த சுண்ணாம்பைப் பாதியில் நிறுத்தினார். மறுநாள் வெயில் மண்டையைப் பிளந்தது.

"என்ன வானிலை, மழை ஆட்டோ பிடிச்சு வருதா?" என்று கீழே இருந்து பெயின்டர் கேட்டார்.

"வரும் வரும்," என்று இவர் குடையோடு கடைக்குப் போனார்.

பதினாலாம் நாள் முட்டைக்குள் பார்க்கிற நாள். பகலிலேயே குளியலறைக் கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, டார்ச்சைப் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். இரண்டு வெறும் முட்டை. ஏழில் உயிர் துடித்தது. இவர் கைதட்டப் போனார். மருமகள் தடுத்தாள்.

"மாமா, அகலமான நுனியில காத்து அறை இருக்கணும். முட்டையில இருக்கிற தண்ணி கொஞ்சம் கொஞ்சமா வத்தினாத்தான் அது பெருசாகும். குஞ்சு முதல் மூச்சை அங்கதான் விடும். இது காலணா அளவுகூட இல்ல. இப்படியே போனா வெளிய வர்ற அன்னைக்கு உள்ளயே மூழ்கிடும்."

"ஏன் வத்தல?"

நான் சொட்டிய குழாயை இறுக்கி மூடினேன்.

"நான் ஒரே ஒரு துணிதாங்க வச்சேன்," என்றேன்.

"துணியா? அத்தை, நான் ஸ்பாஞ்சு வச்சேன்!"

"நான் ரெண்டு கிண்ணம் வச்சேனே!" என்றார் இவர். "அப்போ மழை?"

"மழை நாமதாங்க," என்றேன்.

இவர் முகம் வாடிவிட்டது. "அந்தம்மா மடியில வச்சுக் கொண்டு வந்துச்சுடி. எண்ணி வாங்கிட்டுப் போங்கன்னு வேற சொல்லித் தொலைச்சிட்டேன்."

அன்றைக்கே எல்லா ஈரத்தையும் அள்ளி வெளியே போட்டோம். பெட்டியில் இன்னும் இரண்டு ஓட்டை குத்தினோம். நான்கு நாளைக்குச் சொட்டுத் தண்ணீர் இல்லை. முள் முப்பதுக்கு இறங்கியது. இவர் அதைக் கண்ணாடி வழியாகவே, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். காற்று அறை மெல்லப் பெருத்தது. பதினெட்டாம் நாள், மூன்று பேரும் ஒன்றாக நின்று, ஒருவர் கண்ணெதிரே ஒருவர், ஒரே ஒரு அகலக் கிண்ணம் நிறையத் தண்ணீர் வைத்து மூடினோம். முள் எழுபதில் நின்றது.

இருபதாம் நாளே சம்பந்தியம்மா வந்து இறங்கினார். செருப்பைக் கழற்றும் முன்பே நடந்ததைச் சொல்லிவிடுவது என்று நான் தீர்மானித்திருந்தேன். சொன்னேன். துணி, ஸ்பாஞ்சு, கிண்ணம், ஒன்றும் விடவில்லை.

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "படிச்ச குடும்பம்னு பொண்ணைக் கொடுத்தேன்," என்றார். மகளைத் திரும்பிப் பார்த்தார். "இவளும் சேர்ந்துட்டாளா!"

அப்புறம் பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வாயைக் கிட்டே வைத்து, 'க்ளக், க்ளக்' என்று தொண்டையிலிருந்து ஒரு சத்தம் போட்டார். அசல் மேனேஜர். நாங்களும் காதைக் கிட்டே கொண்டுபோனோம். உள்ளேயிருந்து கம்மலாக ஒரு 'கீச்'.

"ஒண்ணு இருக்கு," என்றார். அதற்குப் பிறகு அந்த ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலை ஒரு ஓட்டில் பொட்டளவு விரிசல். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், அதே பொட்டு.

"லேசா உரிச்சு விடட்டுமா?" என்று இவர் மூடியில் கை வைத்தார்.

சம்பந்தியம்மா பட்டென்று அந்தக் கையில் ஒரு அடி வைத்தார். "அண்ணா, திறந்தா உள்தோல் காஞ்சு குஞ்சு மேல ஒட்டிக்கும். நீங்க போய் வானத்தைப் பாருங்க."

சாயங்காலத்துக்குள் நான்கு வந்துவிட்டன. நனைந்த தூரிகை மாதிரி விழுந்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறின. இரண்டுக்குக் கழுத்து மொட்டை. மீதி மூன்று முட்டை வாய் திறக்கவே இல்லை. சம்பந்தியம்மா அந்த மூன்றையும் காதில் வைத்துக் கேட்டுவிட்டுத் தனியே எடுத்து வைத்தார்.

மறுநாள் குஞ்சுகள் உலர்ந்து பஞ்சுப்பந்தாக நின்றன. அட்டைப்பெட்டியில் துணி விரித்து அவர் கிளம்பும்போது இவர் தலையைச் சொறிந்தார்.

"ஞாபகத்துக்கு... ஒரே ஒரு குஞ்சு எங்களுக்கு..."

"ஏழும் வந்திருந்தா ஒண்ணு கொடுத்திருப்பேன். மூணை நீங்க மூணு பேரும் ஆளுக்கு ஒண்ணா முழுகடிச்சாச்சு. கணக்கு சரியாப்போச்சு."

சொன்ன வாய் மூடுவதற்குள் ஒரு மொட்டைக்கழுத்துக் குஞ்சு பெட்டி விளிம்பில் தொற்றி ஏறி அவரை முறைத்தது.

"உள்ள இறங்குடி! யாரைப் பார்த்து முறைக்கிற? பொறந்து ஒரு நாள் ஆகல, அதுக்குள்ள அதிகாரமா?"

படியிறங்கி, தெருமுனை திரும்பும்வரை அதைத் திட்டிக்கொண்டே போனார். அதுவும் விடாமல் பதில் சொல்லிக்கொண்டே போனது.