குழுவிலிருந்து நீக்கப்பட்டவர்

வீட்டின் பின்புறம் தார்ப்பாய் மறைப்புக்குள் அத்தாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் விழும் சத்தம் சமையலறை வரைக்கும் கேட்டது. சத்தம் நிற்கும்போதெல்லாம் ஜுமானாவின் கையில் போன் அதிர்ந்தது. நான்காவது தடவை எடுத்தாள். மந்திரியின் பிரைவேட் செக்ரட்டரி வெங்கிட்டு. திருப்பூணித்துறைக்காரர். ஆபீஸில் அவளோடு மட்டும் தமிழில் பேசுவார்.

"ஜுமானா, ரொம்ப கஷ்டமா இருக்கு. இத கேக்க எனக்கே நாக்கு எழும்பல. மந்திரி பேர்ல இரங்கல் செய்தி ஒண்ணு உடனே போகணும். சானல்காராள்லாம் கேக்கறா."

"வேற யாராவது எழுதட்டுமே சார்."

"எழுதியாச்சு. அவருக்குப் பிடிக்கல. ஜுமானா எழுதினாத்தான் நான் பேசற மாதிரி இருக்கும்கறார்."

வெங்கிட்டு போனை வைக்கவில்லை. மறைப்புக்குள் யாரோ இன்னொரு குடம் கேட்டார்கள்.

"சரி சார்," என்றாள்.

ஆறு வருடமாக அவள் மந்திரியின் பிரஸ் செக்ரட்டரி. மரணங்களுக்கு எழுதும் வார்த்தைகள் கைக்குத் தானாக வரும். அடுப்பு மூட்டாத மேடையில் சாய்ந்துகொண்டு மலையாளத்தில் தட்டினாள். மட்டாஞ்சேரியின் மூத்த பத்திரிகையாளர் முகைதீன் பிச்சையின் மறைவு என்னைத் தனிப்பட்ட முறையில் வருத்துகிறது, அஞ்சாமல் கேள்வி கேட்ட ஒரு நண்பரை இழந்துவிட்டேன். அனுப்பிய இரண்டாவது நிமிடம் மந்திரியிடமிருந்து பதில் வந்தது. 'அஞ்சாமல்' வேண்டாம், 'பண்போடு' என்று போடு.

போட்டாள்.

முகைதீன் பிச்சை, அவளுடைய அத்தா, முப்பத்தோரு வருடம் ஒரு மாலைப் பத்திரிகையில் நிருபர். அது மூடப்பட்ட வருடம்தான் அவளுக்கு இந்த வேலை கிடைத்தது. அதன் பிறகு அவர் ஒரு சின்ன வார இதழுக்கு எழுதினார். தினமும் காலையில் படகு பிடித்து எர்ணாகுளம் போவார். மந்திரியின் பத்திரிகையாளர் கூட்டங்களில் மூன்றாவது வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். மந்திரியின் பக்கத்தில் அவள் நிற்பாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அவளுடைய ஆபீஸைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஒருமுறை அவளே எதையோ சொல்ல வாயெடுத்தபோது கையை உயர்த்தித் தடுத்தார்.

"வீட்ல வச்சு சொல்லாத மோளே. நாளைக்கு நான் அத எழுதிட்டேன்னா அது களவு."

மூன்று வாரங்களுக்கு முன்பு அவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். சாலைக்காகக் காலி செய்த பாலத்தடிக் காலனியின் நாற்பத்திரண்டு குடும்பங்களுக்கு வீடு எப்போது? அவர்கள் இன்னமும் ஒரு பழைய கிடங்கில் சேலையைக் கட்டி அறை பிரித்துக்கொண்டு இருக்கிறார்கள். மந்திரி சிரித்துக்கொண்டே, "அடுத்த கேள்வி," என்றார். அத்தா உட்காரவில்லை. "இதுக்குப் பதில் வந்தப்புறம்," என்றார். மந்திரி எழுந்து போய்விட்டார்.

காரில் ஏறும்போது மந்திரி அவளிடம் திரும்பினார். "குரூப்ல ஆளு ஜாஸ்தியாயிடுச்சு. பெரிய பத்திரிகைங்க மட்டும் இருந்தா போதும்." பெயர் எதுவும் சொல்லவில்லை. கூட்டங்களுக்கு அழைப்புப் போவது ஒரு வாட்ஸாப் குழுவில். அதன் அட்மின் அவள். தனியாகத் தெரியக்கூடாது என்று இன்னும் நான்கு சின்ன பத்திரிகைக்காரர்களைச் சேர்த்து நீக்கினாள். அத்தாவின் பெயரை ஐந்தாவதாக.

அடுத்த கூட்டத்துக்கும் அவர் வந்தார். போலீஸ்காரர்கள் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். கையில் நோட்டோடு எதிர்ப்புற மரத்தடியில் நின்றதை மாடி ஜன்னலிலிருந்து பார்த்தாள். அன்று பின்பக்க வாசல் வழியாகப் போனாள். இரவு சாப்பிடும்போது அவர், "மீன் நல்லாருக்கு, எடுத்துக்கோ," என்றார். அவ்வளவுதான்.

இன்று விடியற்காலை பஜ்ர் தொழுதுவிட்டு, நெஞ்சை அடைக்கிறது என்றார். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது.

அத்தாவை வெள்ளைத் துணியில் பொதிந்து முன்னறைக் கட்டிலில் கிடத்தினார்கள். முகம் மட்டும் திறந்திருந்தது. தம்பி அல்தாஃப் சமையலறை வாசலில் வந்து நின்றான். சட்டை முழுக்க நனைந்திருந்தது.

"பள்ளிவாசல்ல சொல்லிட்டேன். மத்தியான லுஹர் முடிஞ்சதும் அத்தாவுக்குத் தொழுகை. பன்னெண்டு மணிக்கு இங்கேருந்து எடுத்துரணும்."

"மந்திரி பன்னெண்டேகாலுக்கு வர்றாராம்."

"அதுக்கு?"

"கொஞ்சம் வெயிட் பண்ணச் சொல்றாங்க."

"அத்தாவையா?"

அவள் போனைப் பார்த்தாள். அல்தாஃப் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனான். மந்திரி வருமுன் அவன் எடுக்கச் சொல்ல மாட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் அவனுக்குக் கிடைத்த வேலையும் மந்திரியின் கடிதத்தால் வந்ததுதான்.

முன்னறையில் பெண்கள் குர்ஆனிலிருந்து யாஸீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். அம்மா லதீஃபா கட்டிலின் தலைமாட்டில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஜுமானா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே சந்தில் கேமராக்காரர்கள் வந்து ஸ்டாண்டுகளை விரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் அத்தாவோடு சாயா குடித்தவர்கள். ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்று முகம் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அம்மா மெல்லச் சொன்னாள். "ரெண்டு மூணு வாரம் முன்னாடி ஒருநா போனத் தூக்கிட்டு எங்கிட்ட வந்தாரு. வாட்ஸாப்ல என்னமோ மலையாளத்துல இருந்துச்சு. எனக்கு எங்க வாசிக்கத் தெரியுது? என்னங்க இதுன்னு கேட்டேன். ஒண்ணுமில்ல, ஜுமானா ஆபீஸ்ல பேரு மாத்துறாங்கன்னாரு."

ஜுமானா கட்டிலின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பேரு மாத்துனீங்க ஜுமானா?"

யாஸீன் ஓதியவர்கள் ஒரு பக்கத்தை முடித்துத் திருப்பினார்கள்.

மந்திரி வந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். கார் நுழையாத சந்தில் நடந்து வந்தார். வெங்கிட்டு பின்னால் மலர்வளையத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். முஸ்லிம் வீட்டில் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசிவரை கையிலேயே வைத்திருந்தார். மந்திரி கட்டிலருகே ஒரு நிமிடம் தலைகுனிந்து நின்றார். அம்மாவைப் பார்த்துக் கைகூப்பினார். எழுந்து நின்ற ஜுமானாவின் தலையில் கைவைத்து, "மோளே," என்றார். அவருடைய கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"வெளியே ரெண்டு வார்த்தை பேசிடறேன்," என்று காதருகில் சொன்னார். "நீ பக்கத்துல நில்லு."

துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு வாசற்படியில் போய் நின்றாள். எப்போதும் நிற்கும் இடம்தான், அவருடைய இடது தோளுக்குப் பின்னால். மைக்குகள் முன்னே வந்தன.

"முகைதீன்க்கா எனக்கு அண்ணன் மாதிரி," என்று மந்திரி மலையாளத்தில் ஆரம்பித்தார். "எவ்வளவோ கேட்டிருக்காரு. அவர் கேட்டதுக்குப் பதில் சொல்லாம நான் போனதே இல்ல."

முன்னால் நின்ற நிருபர் அப்பு மைக்கை இன்னும் கொஞ்சம் நீட்டினான். முதல் செய்தியை எழுத அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது அத்தாதான்.

"சார், பாலத்தடிக் காலனி வீடு எப்போன்னு முகைதீன்க்கா கேட்டாரு. அதுக்கு மட்டும் பதில் வரல. இப்போ சொல்லலாமா?"

மந்திரியின் முகம் மாறவில்லை. கட்டைவிரல் மட்டும் கைக்கடிகாரத்தின் வாரை ஒருமுறை தடவியது. ஆறு வருடமாக அவளுக்கு அந்தச் சைகை தெரியும். அது வந்தால் அவள் குறுக்கே பேசவேண்டும். எத்தனையோ அறைகளில் பேசியிருக்கிறாள்.

அவள் வாயைத் திறக்கக்கூடாது என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டிருக்கும்போதே தன் குரலைக் கேட்டாள்.

"போதும் அப்பு. மய்யத்து எடுக்க நேரமாச்சு."

அது பொய்கூட இல்லை. நேரம் ஆகித்தான் இருந்தது. அப்பு அவளைப் பார்த்தான். மைக்கைக் கீழே இறக்கினான்.

"ஸாரி இத்தா," என்று அக்காவிடம் சொல்வது போலச் சொன்னான்.

பின்னால் திறந்த ஜன்னலுக்குள் யாஸீன் ஓதும் சத்தம் நின்றிருந்தது.

மந்திரி நான்கு பேரின் கையைப் பிடித்துவிட்டு வேகமாகச் சந்துக்கு வெளியே போனார். வெங்கிட்டு மட்டும் ஒரு கணம் பின்தங்கினார். "மூணு நாள் லீவு எடுத்துக்கச் சொன்னார்," என்றார். பிறகு கையிலிருந்த வளையத்தைப் பார்த்துவிட்டு, "மன்னிச்சுக்கோம்மா," என்று சொல்லி நடந்தார். எதற்கு என்று சொல்லவில்லை.

பள்ளிவாசலிலிருந்து மய்யத்தைத் தூக்கிப் போகும் சந்தூக்குப் பெட்டி வந்தது. அல்தாஃபும் உறவுக்காரர்களும் அத்தாவைக் கட்டிலிலிருந்து தூக்கி அதில் வைத்தார்கள். அம்மா ஒருமுறை விரலால் அவருடைய நெற்றியைத் தொட்டாள். ஜுமானா தொடவில்லை. முகத்தை மூடும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஆண்கள் கலிமா சொல்லிக்கொண்டு தூக்கினார்கள். படியிறங்கும்போது அப்பு முன்னால் ஓடி வந்து தோள் கொடுத்தான். அதைப் பார்த்து மற்ற நிருபர்களும் கேமராக்காரர்களும் கையிலிருந்ததை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளின் மேலும் தரையிலும் வைத்துவிட்டுப் பின்னால் போனார்கள். சந்து திரும்பும் இடத்தில் சந்தூக்கு மறைந்தது. கபர்ஸ்தானுக்குப் பெண்கள் போவதில்லை.

பத்து நிமிடம் கழித்து மழை பிடித்தது.

யாரும் சொல்லாமலே ஜுமானா எழுந்து வெளியே போனாள். கேமராக்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்தாள். கனமாக இருந்தன. மைக்குகளின் ஒயர்களைச் சுருட்டினாள். துப்பட்டாவின் நுனியால் லென்ஸ் கண்ணாடிகளைத் துடைத்தாள். தரையெல்லாம் பெண்கள் உட்கார்ந்திருந்ததால் வைக்க வேறு இடமில்லை. அம்மா கட்டிலைக் கைகாட்டினாள். விரிப்பு எடுத்த வெறும் பலகையில் வரிசையாக வைத்தாள். ஏழு கேமராக்களால் கட்டில் நிறைந்துவிட்டது.

கடைசியாக வைத்ததில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அப்புவின் சானலுடையது. ஓடவிட்டபடியே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எந்தப் பொத்தானை அழுத்தினால் அது அணையும் என்று அவளுக்குத் தெரியும்.

கைகளை மடியில் வைத்துக்கொண்டு அதற்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.