வயலின்களுக்கு நடுவே இடி

மலையில் பிறந்த நதி கடலில் கலக்கும் கதையை, வயலின்காரர்களையும் சேர்த்துக்கொண்டு ஒரே ஆல்பமாக்கியிருந்தது அந்த ஹெவி மெட்டல் குழு. கேட்டு முடித்த இசைக் கம்பெனி மேனேஜர் காதைத் தேய்த்துக்கொண்டார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா மெட்டல் கேக்கிறவன் வயலினுக்குத் தூங்கிடுவான். வயலினை எடுத்துடுங்க, வெளியிடுறேன்."

"எடுக்க முடியாது சார்" என்று ஒலிப்பதிவாளர் தலையைச் சொறிந்தார். "டிரம்ஸ் வாசிக்கிற இந்தப் பொண்ணு வயலின்காரங்களுக்கு நடுவுலதான் உக்காருவேன்னு ஒத்தக்கால்ல நின்னுச்சு. வயலின் மைக்கை மூடினா டிரம்ஸ் பாதி காணாமப் போகுது. டிரம்ஸ் மைக்கைத் திறந்தா வயலின் எட்டிப் பாக்குது."

மேனேஜர் டிரம்ஸ்காரி பக்கம் திரும்பினார். குழுவில் அவளுக்கு 'இடி' என்று பெயர்.

"ஏம்மா, தனி அறையில உக்காந்தா கிரீடம் இறங்கிடுமா?"

"அவங்க வயலின் வில் இறங்குறதைப் பாத்துத்தான் சார் நான் அடிக்கிறேன். சுவரைப் பாத்து அடிக்க எனக்கு வராது."

"அப்ப தனியா மறுபடி வாசிக்க மாட்டே?"

"மாட்டேன்."

"ஆல்பம் வராது."

"உங்க கம்பெனியில வராது. பதிவு பண்ணின அதே கூடத்துல டிக்கெட் போட்டு நாங்களே வாசிப்போம். நடுவுலதான் உக்காருவேன்."

மேனேஜர் பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியேறினார். ஒலிப்பதிவாளர் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். இரண்டு வருட உழைப்பு படியிறங்கிப் போவது அவளுக்கும் கேட்டது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அண்ணே, முதல்லேர்ந்து போடுங்க. சத்தத்தை நல்லாக் கூட்டுங்க. அவர் தெருமுனை திரும்புற வரைக்கும் கேக்கணும்."