இரண்டு குட்டை, ஒரு நெட்டை

என் தம்பி வருகிற அன்று காலையிலிருந்தே எனக்குத் தலைகால் புரியவில்லை. இருபது வருடத்துக்கு மேல் கடல் கடந்து ஒரு மீன் கிடங்கில் வேலை பார்த்தவன், ஓய்வு பெற்று ஒரேயடியாகத் திரும்பி வருகிறான். நான் மருத்துவமனைச் சலவைப் பிரிவில் இருந்தவள். விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தாலும் என் கண் அங்கேதான் போய் நிற்கும். அவன் கட்டிலுக்கு அன்று மூன்று தடவை விரிப்பு மாற்றினேன். அந்த மும்முரத்தில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

"ஏம்மா, உன் தம்பிதானே வர்றான்? என்னமோ மாப்பிள்ளை உன்னைப் பொண்ணு பார்க்க வர்ற மாதிரி ஆடுறே!" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். பேருந்து ஓட்டுநராக இருந்தவர். ஆனால் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, எனக்கு முன்னால் செருப்பில் கால் நுழைத்து நின்றதும் அவர்தான்.

ரயில் நிலையத்தில் எள் விழ இடமில்லை. இரண்டு ரயில்கள் ஒரே நேரத்தில் வந்துவிட்டன. தம்பி வருகிற ரயில் வேறு மேடைக்கு மாறிவிட்டதாகக் கடைசி நிமிடத்தில் அறிவித்தார்கள். படியேறி, படியிறங்கி, மூச்சு வாங்க அங்கே போய்ச் சேர்ந்தபோது பெட்டிகளெல்லாம் காலியாகியிருந்தன. போன் போட்டால் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்கிறது. நானோ குள்ளம். எனக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுகளும் பைகளும்தான்.

"என்னங்க, எக்கிப் பாருங்க!"

"மண்டைங்கதான் தெரியுது. உன் தம்பி மண்டை எப்படி இருக்கும்?"

"வீடியோவுல பாத்தீங்களே!"

"அதுல எப்பவும் தொப்பி போட்டிருப்பானே!"

கூட்டம் வெளிவாசல் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. அவன் வெளியே போய்விட்டால்? அவன் கிளம்பிப் போன பிறகுதான் இப்போதிருக்கும் வீட்டுக்கு மாறினோம். விலாசம் அந்தச் செத்துப்போன போனுக்குள் கிடக்கிறது. என் கை தானாக வாய்க்குப் போனது. ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் வளையமாகச் சேர்ந்தன. எத்தனையோ காலமாக நான் மறந்தே போயிருந்த ஒன்று, விரலுக்கு ஞாபகம் இருந்தது.

சின்ன வயதில் நாங்கள் மில் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் இருந்தோம். தம்பி சுண்டெலி மாதிரி இருப்பான், அதனால் அவன் பேர் சுண்டு. பள்ளிக்கூடம் விட்டால் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உள்ள மைதானத்தில்தான் கிடப்பான். 'சுண்டு' என்று நான் மாடியிலிருந்து கத்தினால் மற்ற பையன்கள் கீச்சுக் கீச்சென்று கத்தி அவனை அழ வைப்பார்கள். எங்கள் தெருவில் பேப்பர் போடுகிறவர் விரலை வாயில் வைத்து விசில் அடிப்பார். அவரைப் பார்த்துப் பார்த்து, மொட்டை மாடியில் எச்சில் ஒழுக ஒழுகப் பழகினேன். தம்பிக்கும் சொல்லிக்கொடுத்தேன். ஒரு நெட்டை விசில் என்றால் சாப்பாடு தயார். இரண்டு குட்டை, ஒரு நெட்டை என்றால் அம்மா கோபமாக இருக்கிறாள், ஓடி வா. அவன் மூன்று குட்டை அடித்தால் வந்துவிட்டேன் என்று அர்த்தம். சாப்பாட்டு விசிலுக்கு ஆடி அசைந்து வருவான். அடுத்ததற்குப் பறந்து வருவான்.

ஒருநாள் அத்தை பார்த்துவிட்டாள். "பொம்பளப் புள்ள வாயில விரலை விட்டு ஊதுறதா? நல்லா வளர்த்திருக்கே!" என்று அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். அன்றோடு விசில் நின்றது. பிறகு ஜன்னலில் சிவப்புத் துண்டு கட்டித்தான் அவனைக் கூப்பிட்டேன். அவன் ஒருநாளாவது ஜன்னல் பக்கம் பார்த்தானா என்று கேளுங்கள்.

இப்போது ஊதினேன். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. போன மாதம்தான் மேல்வரிசைக்குப் பல்செட் கட்டியிருந்தேன். அது வேறு ஆட்டம் கண்டது. யோசிக்கவேயில்லை. கழற்றி வீட்டுக்காரர் கையில் வைத்தேன்.

"ஏய், என்ன இது?"

"கெட்டியா பிடிங்க!"

உதட்டை மடித்து, நாக்கைச் சுருட்டி, அடிவயிற்றிலிருந்து ஊதினேன். இரண்டு குட்டை, ஒரு நெட்டை. அம்மாடி! அந்தச் சத்தம் தகரக் கூரையில் மோதித் திரும்பியது. பக்கத்தில் ஒரு குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. பதில் இல்லை. மறுபடி ஊதினேன். காது இரண்டையும் தீட்டிக்கொண்டு நின்றேன்.

எங்கோ வெளிவாசல் பக்கம், மெலிதாக, மூன்று குட்டை.

"அவன்தாங்க! அவன்தான்!" பல் இல்லாமல் நான் சொன்னது யாருக்கும் விளங்கியிருக்காது. அந்த இடத்திலேயே நான் குதித்ததை மட்டும் எல்லோரும் பார்த்தார்கள்.

சீருடை போட்ட பெண் காவலர் ஒருத்தி வந்து நின்றாள். "யாரு விசில் அடிச்சது?"

என் வீட்டுக்காரர் கையில் பல்செட்டோடு விறைப்பாக நின்றார். "என் சம்சாரம்தான். எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

கூட்டத்தை எதிர்த்துப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஒரு தொந்திக்காரர் ஓடி வந்தார். நரைத்த மீசை, தலையில் ஒரு முடி இல்லை. நடை மட்டும் சுண்டுவின் நடை.

"அக்கா!"

அவனைக் கட்டிக்கொண்டேன். இரண்டு கையும் சேரவில்லை, அவ்வளவு பருமன்.

"உன் பல்லு எங்கேக்கா?"

"உன் மாமாகிட்ட இருக்குடா."

அவன் வயிறு குலுங்கச் சிரித்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "விசில் கேட்டதும் அம்மா கோபமா இருக்காங்கன்னு நினைச்சே திரும்பி ஓடி வந்தேன். பாதி தூரம் வந்த அப்புறம்தான் அம்மா இல்லைங்கிறது ஞாபகம் வந்துச்சு."

அம்மா போனபோது அவனால் வர முடியவில்லை. அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"வழியில நின்னு அழுவாதீங்க, வண்டியைப் பிடிக்கணும்" என்று வீட்டுக்காரர் அவன் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

வீட்டுக்கு வந்ததும் தம்பி குளிக்கக்கூட இல்லை, நேரே சாப்பிட உட்கார்ந்தான். இத்தனை வருடமும் போனில் நான் முதலில் கேட்டது 'சாப்பிட்டியா' என்றுதான். அவனும் சாப்பிட்டேன் என்பான். உண்மையா பொய்யா, யார் கண்டது? இன்று அவன் எதிரிலேயே முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"நீ சாப்பிடலையாக்கா?"

"நீ சாப்பிடுடா. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

தட்டை என் பக்கம் நகர்த்தி இன்னும் கொஞ்சம் போடு என்றான்.