இரண்டாவது போட்டோ

ஆய்விதழிலிருந்து கட்டுரை, எழுதியவர் பெயர் இல்லாமல்தான் மதிப்பீட்டுக்கு வந்தது. இரண்டு பக்கம் தாண்டுவதற்குள் அது செம்மொழி எழுதியது என்று அம்ருதாவுக்குத் தெரிந்துவிட்டது. ஒரே வழிகாட்டியிடம் சேர்ந்து ஆய்வு செய்தவர்கள் இருவரும்; அவள் நடை இவளுக்கு அத்துப்படி. தெரிந்தவர் எழுதியதை மதிப்பிடக் கூடாது. இதழுக்கு ஒரு வரி எழுதி விலகியிருக்கலாம். அம்ருதா விலகவில்லை.

கம்ப்யூட்டரும் செல்போனும் கிராமத்து வேலையை எப்படி மாற்றுகின்றன என்பதுதான் இருவருக்கும் துறை. அம்ருதா தஞ்சாவூர்க் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியர். நன்னிலம் பக்கத்து ஊர் ஒன்றில் நான்கு வருஷம் அலைந்து, முந்நூறு பேரிடம் கேள்விப் படிவம் நிரப்பி வாங்கியவள். வலங்கைமானில் நடவு நடுகிறவர் மகளாகப் பிறந்த செம்மொழி இப்போது ஹைதராபாத்தில். மாநாடு மாநாடாகப் பறக்கிறாள். அவள் படத்தைப் பார்த்தாலே அம்ருதாவுக்கு வயிறு எரியும். எல்லாம் கோட்டாவில் வந்தது என்று ஒருமுறை மனதுக்குள் சொல்லிவிட்டு, வெட்கப்பட்டுமிருக்கிறாள்.

கட்டுரையில் ஊர்ப் பெயர் மாற்றியிருந்தது. ஆனால் அதில் ஒரு வரி, அது அம்ருதா அலைந்த அதே ஊர் என்று காட்டிக்கொடுத்தது. நூறு நாள் வேலையில் காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று என்று போட்டோ எடுத்துச் செயலியில் ஏற்றினால்தான் வருகைக் கணக்கு. கைக்குழந்தைக்காரிகளை முதல் போட்டோ முடிந்ததும் கூட வேலை செய்கிற பெண்களே வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கூலி போகாமலிருக்க இரண்டாவது போட்டோவில் முக்காடு போட்ட வேறொருத்தியை நிறுத்துகிறார்கள் என்று எழுதியிருந்தாள் செம்மொழி. நான்கு வருஷத்தில் ஒருத்தியும் அம்ருதாவிடம் சொல்லாத சங்கதி. கட்டுக்கதையாகத்தான் இருக்கும் என்று நினைத்தபோது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆதாரம் போதாது, நிராகரிக்கலாம் என்று எழுதி வைத்துக்கொண்டு, உறுதிப்படுத்திக்கொள்ளச் சனிக்கிழமை பஸ் ஏறினாள்.

அந்த ஊரில் அவளுக்கு அதிகம் பழக்கம், நூறு நாள் வேலைக்குப் போகும் அம்சத்தோடுதான். அம்சம் முதலில் மழுப்பினாள். செம்மொழி எழுதியதைப் படித்தேன் என்ற பிறகு ஒத்துக்கொண்டாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அம்சம் மண்வெட்டியில் ஒட்டிய சேற்றை வழித்தாள். "நீங்க பெரிய வீட்டு கார்ல வந்து எறங்குனீங்கம்மா. உங்க பெரியப்பா நெலத்துலதான் எங்க மாமியா காலமெல்லாம் நட்டுச்சு. உங்ககிட்ட எப்படிச் சொல்றது? அந்தப் பொண்ணு பன்னெண்டு நாளு எங்களோட மண்ணு வெட்டுச்சு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஊர் பேரு வெளிய வராதுன்னுச்சு. நீங்களும் யாருகிட்டயும் சொல்லிடாதீங்க, தெரிஞ்சா கூலிய நிறுத்திடுவாங்க."

மறுநாள் அம்ருதா எழுதி வைத்ததை அழித்தாள். ஊரைக் காட்டிக்கொடுக்கும் அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிட்டு வெளியிடலாம் என்று எழுதி அனுப்பினாள். மனசு லேசாகவில்லை. அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது.

இரண்டு மாதம் கழித்து செம்மொழி போன் செய்தாள். கட்டுரை வரப்போகிறதாம். தான் கவனிக்காத ஒரு வரியை மதிப்பிட்டவர்களில் ஒருவர் பிடித்துவிட்டாராம். அந்தப் பெண்களை நினைத்தால் அவர் யாராக இருந்தாலும் கும்பிடத் தோன்றுகிறதாம். அடுத்த ஆய்வைச் சேர்ந்தே செய்யலாமா என்று கேட்டாள்.

"உனக்குத் தெரிஞ்ச ஊருதானே அம்ரு. நீ வந்தா நல்லாருக்கும்."

நிராகரிக்கலாம் என்று முதலில் எழுதி வைத்தது அம்ருதாவுக்கு நினைவு வந்தது. பரீட்சை வேலை தலைக்கு மேல் இருக்கிறது, முடியாது என்றாள். கல்லூரிகளுக்குக் கோடை விடுமுறை விட்டாயிற்று என்பது இருவருக்குமே தெரியும். செம்மொழி சரி என்று மட்டும் சொல்லிவிட்டு போனை வைத்தாள்.