ரத்தம் நின்ற மறுநாள்

சாந்தா ஹைதராபாத் குகட்பள்ளியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கணவர் வேதாசலத்துக்கு மாதாப்பூரில் சாஃப்ட்வேர் வேலை கிடைத்ததால் கடலூரிலிருந்து வந்தவர்கள்.

2007-ல், அவளுடைய நாற்பத்திரண்டாம் வயதில், மாதவிலக்கு பத்துப் பன்னிரண்டு நாள் நீண்டது. நடுவிலும் திடீரென்று வந்தது. போர்டில் எழுதப் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டவே பயமாக இருந்தது. மாடி ஏறினால் மூச்சு வாங்கியது.

வீட்டுக்குப் பக்கத்து நர்சிங் ஹோமில் வயிற்றின் மேல் ஸ்கேன் பார்த்தார்கள். உள்சவ்வு தடித்திருக்கிறது, கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று நாளும் குறித்தார்கள். வேதாசலம் லீவு சொல்லிவிட்டார். சாந்தாவுக்கு மனசு ஒப்பவில்லை. கூட வேலை பார்க்கும் பிந்துதான், செகந்திராபாத்தில் ஜலஜா டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடு என்று வற்புறுத்தி அனுப்பினாள்.

ஜலஜா ஸ்கேன் மட்டும் பார்க்கும் டாக்டர்; மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம். பழைய ஸ்கேன் எப்போது எடுத்தது என்று கேட்டார். விலக்காவதற்கு முந்தின நாள் என்றாள் சாந்தா.

"அப்போ யாருக்குமே தடிச்சுதாம்மா இருக்கும். ஆபரேஷன் இப்போ நக்கோ, வேண்டாம். ரத்தம் நின்ன மறுநாள் வாங்க."

அப்படியே போனாள். இந்த முறை ஸ்கேன் கருவியை உள்ளே வைத்துப் பார்த்தார். ஒவ்வொன்றையும் முன்கூட்டிச் சொல்லிவிட்டே செய்தார். பிறகு மெல்லிய குழாய் வழியாகக் கொஞ்சம் உப்புநீரை விட்டு, திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"கறுப்பா இருக்கே, அது தண்ணி. அதுக்குள்ள வெள்ளையா ஒண்ணு தொங்குது பாருங்க. பாலிப். இதுதான் உங்களைப் படுத்துது."

சுண்டைக்காய் அளவு சதை வளர்ச்சி.

"கர்ப்பப்பை, டாக்டர்?"

"அது பாட்டுக்கு இருக்கட்டும். இதை மட்டும் கேமரா வச்சு எடுத்துடுவாங்க. அன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம்."

சாந்தா படுத்தபடியே அழுதாள். டாக்டர் அவசரப்படுத்தவில்லை.

வேறொரு மருத்துவமனையில் பாலிப்பை எடுத்தார்கள். பரிசோதனையில் புற்றுநோய் இல்லை என்று வந்தது. மூன்று மாதம் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாள். விலக்கு பழையபடி நாலு நாளில் நின்றது.

தசரா விடுமுறையில் வேதாசலத்தோடு போய் ஜலஜாவைப் பார்த்தாள். என்னென்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்திருந்தாள். டாக்டர் அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்து, ரத்தம் நன்றாக ஊறியிருக்கிறது என்று சிரித்தார்.

சாந்தாவுக்கு யோசித்தது எதுவும் நினைவுக்கு வரவில்லை. "நீங்க நல்லா இருக்கணும் டாக்டர்" என்றாள். வேதாசலம் பக்கத்தில் கைகூப்பி நின்றார்.