காஜாக்கா மாற்றிச் சொன்ன வார்த்தைகள்

தையல் கடையின் முன்னறையில் அண்ணன் துணி வெட்டுவார். பின்னறையில் தம்பி மிஷினில் தைப்பான். ஒருநாள் வாடிக்கையாளர் முன்னாலேயே, "வெட்டினதே கோணல், நான் என்ன பண்றது?" என்று தம்பி வாயை விட்டுவிட்டான். அன்றோடு இருவருக்கும் பேச்சு அறுந்தது.

இரண்டு அறைக்கும் நடுவே உட்கார்ந்து சட்டைகளுக்குக் காஜா எடுத்துப் பட்டன் தைப்பவள்தான் காஜாக்கா. தூது போகும் வேலை அவள் தலையில் விழுந்தது.

"அந்தத் தடியன்கிட்ட சொல்லும்மா, காலர் இன்னிக்கே வேணும்னு" என்பார் அண்ணன்.

மிஷின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, "தம்பி, காலர் இன்னிக்கு முடியுமான்னு அண்ணன் கேக்கறாரு" என்பாள்.

"முடியாதுன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லு."

"சாயங்காலத்துக்குள்ள பாக்கறானாம்ண்ணே."

இப்படியே மாதங்கள் ஓடின. கேட்டுக் கேட்டு அவளுக்கு ஒன்று விளங்கியது. மேலாகத் தெரிந்ததுதான் கோபம். அடியில் கிடந்தது வெட்கம். அண்ணன் இப்போதெல்லாம் துணியைக் கண்ணருகே கொண்டுபோய்த்தான் கோடு போட்டார். தம்பியோ அந்த வாடிக்கையாளர் வந்தாலே பின்னறையை விட்டு வெளியே தலை காட்டுவதில்லை.

ஒருநாள் யாரும் சொல்லாததை அவளே சொன்னாள். தம்பியிடம், "அன்னிக்கு வெட்டினது கோணல்தான்னு அண்ணன் ஒத்துக்கிட்டாருப்பா." அண்ணனிடம், "ஆள் முன்னாடி அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுன்னு தம்பி வருத்தப்படறான்."

மிஷின் நின்றது. தம்பி எழுந்து வந்தான்.

"ஒத்துக்கிட்டியாமே?"

"யார் சொன்னா? நீதான் வருத்தப்பட்டியாம்."

"நானா?"

இருவரும் அவளைப் பார்த்தார்கள். அவள் ஊசியில் நூல் கோப்பதில் மும்முரமாக இருந்தாள். முதலில் சிரித்தவர் அண்ணன்தான்.

"கோணல்தான்டா. கண்ணு முன்ன மாதிரி இல்ல."

"எங்கிட்ட சொன்னா என்ன, குறைஞ்சா போயிடுவே?"

மறுநாளே மிஷின் முன்னறைக்கு வந்துவிட்டது. காஜாக்காவின் ஸ்டூலைத் தம்பி ஜன்னலோரம் நகர்த்திப் போட்டான். "வெளிச்சம் நல்லா இருக்கும்க்கா." பாசமாகத்தான் சொன்னான். அண்ணனும் தம்பியும் பொழுதுக்கும் பேசித் தீர்த்தார்கள். கடையைப் பூட்டும்போதுதான் அவளுக்கு உறைத்தது: இன்றைக்கு யாருமே தன்னைக் கூப்பிடவில்லை.

அவள் குடியிருந்தது மாடியில், ஒற்றை அறை. புருஷன் போய்ச் சேர்ந்து பல வருஷம். பகலெல்லாம் கடையில் வாய் ஓயாமல் இருந்ததில் வீட்டின் அமைதி இவ்வளவு நாளாகக் காதில் விழவில்லை. இப்போது விழுந்தது.

போனை எடுத்துத் தங்கையை அழைத்தாள். அம்மாவைக் கடைசிக் காலத்தில் யார் வைத்துப் பார்ப்பது என்று இருவருக்கும் மூண்ட சண்டை. அம்மா போன பிறகும் ஆறவில்லை.

"நான்தான்."

"யார் சொல்லிக் கூப்பிடறே?"

"யாரும் சொல்லல. நானாத்தான்."

அடுத்தவர் பேச்சை எத்தனையோ விதமாக மாற்றிச் சொன்ன வாய், தன் பேச்சுக்குத் திணறியது.

"அடுப்புல வேலை கிடக்கு. அப்புறம் பேசறேன்" என்று தங்கை வைத்துவிட்டாள்.

காஜாக்கா போனை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அது அடிக்கவில்லை. எழுந்து, ஒருத்திக்கு வேண்டிய அரிசியை அளந்து களைந்தாள்.