வெறும் பக்கத்தில் போட்ட கையெழுத்து

கிராம சபை முடியும் நேரத்தில்தான் மெர்சிக்கு விஷயம் தெரிந்தது. காலையில் அவள் கையெழுத்துப் போட்டபோது வெறுமையாக இருந்த தீர்மானப் புத்தகத்தின் பக்கம் இப்போது எழுத்தால் நிரம்பியிருந்தது. அதில் குழாய் என்ற சொல்லே இல்லை.

கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்குப் பின்னால் இருக்கும் அவர்கள் காலனியில் போர்வெல் தண்ணீர் மஞ்சளாகி இரண்டு வருடம் ஆகிறது. நாலு நாளைக்கு ஒருமுறை லாரி வரும். பஞ்சாயத்து யூனியன் ஆபீஸில் குழாய் கேட்டால், "கிராம சபைல தீர்மானம் போட்டு எட்தாம்மா" என்றார்கள். அதற்காகத்தான் சுதந்திர தின லீவில் முப்பத்தெட்டு பெண்களை வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டு வந்திருந்தாள். முதலில் கையெழுத்து, பிறகு தீர்மானம் என்பது அங்கே வழக்கம். "இங்க போடுங்கடி" என்று ஒவ்வொருத்தியையும் போட வைத்ததே அவள்தான்.

"இன்னாப்பா இது?" என்றாள் ஊராட்சி கிளார்க் அன்புசெல்வனிடம்.

"தொகுதி மறுவரையறைய எதிர்த்துத் தீர்மானம்க்கா. மெம்பர் குட்த்தாரு."

பழைய வார்டு மெம்பர் ஆசீர்வாதம் நாற்காலியில் இருந்தபடியே விளக்கினார். "அரசியல் சட்டத்தையே திருத்தப் போறாங்கம்மா. ஜனத்தொகைய வச்சு எம்.பி. சீட்டப் பிரிச்சா, கம்மியா புள்ள பெத்த நமக்குத்தான் பங்கு கொறையும். இதுல இன்னா தப்பு?"

தப்பில்லை என்பதுதான் மெர்சிக்கு ஆத்திரம்.

"ரெண்டோட நிறுத்துன்னாங்க, ஆபரேசன் பண்ணிக்கினேன். அதுக்குத் தண்டனைன்னா எனக்கும்தான் எரியுது. இத்த எழுது, வேணான்னு சொல்லல. கொழாயையும் எழுது."

"எடமில்லக்கா. அடுத்த பக்கம்னா எல்லாரும் மறுபடி கையெழுத்துப் போடணும்."

"போடுவாங்க."

அவள் திரும்புவதற்குள் வெளியே ஹாரன் கேட்டது. லீவு நாளில் வராது என்று நினைத்திருந்த தண்ணி லாரி. முப்பத்தெட்டு பேரும் செருப்பைக்கூடத் தேடாமல் குடம் எடுக்க ஓடினார்கள்.

"ஆளே இல்ல. அக்டோபர் ரெண்டாந்தேதி அடுத்த சபைல பாத்துக்கலாம்," என்று புத்தகத்தை மூடினான் அன்புசெல்வன். மெர்சி அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"யக்கா, புக்கு வெளிய போவக்கூடாது!"

"நீயும் கூட வாயேன்."

லாரியின் பக்கவாட்டில் புத்தகத்தை அழுத்திப் பிடித்துத் தானே எழுதினாள்: எங்கள் காலனிக்குக் குடிநீர்க் குழாய் வேண்டும். குடத்தை நிரப்பியவர்கள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போட்டார்கள்.

"எழுதினத்துக்கு அப்பறம் போட்றது இதான் மொத தடவ," என்று சிரித்தாள் எதிர்வீட்டு கிரேஸ். மை கலைகிறதே என்று அன்புசெல்வன் புலம்பிக்கொண்டு நின்றான்.

கடைசிக் கையெழுத்து விழும்போது லாரி காலியாகிக் கிளம்பிவிட்டது. மெர்சியின் குடங்கள் வீட்டிலேயே இருந்தன.

"யூனியன் ஆபீசர் கையெழுத்துப் போட்டாத்தான்க்கா இது செல்லும்."

"அவராவது படிச்சிட்டுப் போடட்டும்," என்று புத்தகத்தை அவன் கையில் திணித்துவிட்டு, யாரிடம் அரைக் குடம் கேட்கலாம் என்று பார்த்துக்கொண்டே நடந்தாள்.